கடல்நீர்த் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர்: தேர்ந்தெடுப்பதும் மட்டம் பிடிப்பதும்

பருப்பு வேகும்போது பானை ஓரத்தில் நுரை திரண்டு வரும். அகப்பையால் அதை வழித்து எடுத்துவிடுவோம். புரோட்டீன் ஸ்கிம்மரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. நெருப்புக்குப் பதில் காற்று, அகப்பைக்குப் பதில் ஒரு கழுத்தும் குவளையும். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருக்கும் புரதம், கொழுப்பு மூலக்கூறுகளில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரிலிருந்து விலகும். குமிழி ஒன்று கிடைத்தால் விலகும் முனை காற்றுப் பக்கம் திரும்பிப் பற்றிக்கொள்ளும். குமிழிகள் மேலேறி, கழுத்தில் நெருங்கி, இடையில் உள்ள தண்ணீர் வடிந்து, கெட்டி நுரையாகிக் குவளைக்குள் சரியும். அழுகி அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே கழிவு வெளியேறுகிறது. அதுதான் லாபம்.

இந்த வேலை உப்பு நீரில்தான் நன்றாக நடக்கும். உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்கும். நன்னீரில் அவை சேர்ந்து பெருத்து, கணத்தில் மேலே போய் உடைந்துவிடும். அதனால் புதிதாக வாங்கிய ஸ்கிம்மரைக் குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டு ஓட்டிப் பார்த்து, "நுரையே வரவில்லை" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டாம். சோதிக்க வேண்டுமென்றால் 20 லிட்டர் தண்ணீருக்கு 700 கிராம் கடல் உப்புக் கலந்து சோதியுங்கள்.

"ஸ்கிம்மர் சரியில்லை" என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் கருவியில் குறை இருப்பதில்லை. சம்பில், அதாவது தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கும் துணைத் தொட்டியில், தண்ணீர் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அல்லது தண்ணீர் வெளியேறும் வால்வை ஒரே நாளில் நான்கு முறை திருகியிருப்பார்கள். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பற்றியதுதான்.

ஸ்கிம்மரால் ஆகாதவை

தண்ணீரில் ஏற்கெனவே கரைந்துவிட்ட நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஸ்கிம்மர் நேரடியாக எடுக்காது. கரிமப் பொருளையும் முழுவதும் எடுத்துவிடாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009இல் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்கிம்மர்களால் நீக்க முடிந்தது மொத்தக் கரிமக் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டதாகவே இருந்தது. ஆகவே வாரம் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றுவது, தீனியை அளந்து போடுவது இரண்டையும் ஸ்கிம்மர் வந்துவிட்டது என்று கைவிடக் கூடாது.

இன்னொரு நன்மை பலர் கவனத்துக்கு வருவதில்லை. ஸ்கிம்மர் தண்ணீருக்கு ஆக்சிஜன் ஏற்றும் பெரிய வழி. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 அளவுக்கு இறங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில், அந்நகரின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டிக்கு அந்த அரை மில்லிகிராம் பெரிய விஷயம். ஜொகானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீர் பிடிக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். ஜொகானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் தொட்டி வைத்திருப்பவர் டர்பன்காரரைவிட மீனைக் குறைவாக வைக்க வேண்டும், ஸ்கிம்மரை இரவில் நிறுத்தவே கூடாது.

எந்த அளவு வாங்குவது

பெட்டியில் அச்சிட்டிருக்கும் "500 லிட்டர் வரை" என்ற எண் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கானது. பல தயாரிப்பாளர்கள் குறைந்த சுமை, நடுத்தரம், அதிகச் சுமை என்று மூன்று எண் கொடுப்பார்கள். கடைசி இரண்டுக்கும் இடையில் உங்கள் தொட்டி விழ வேண்டும்.

முதலில் உண்மையான தண்ணீர் அளவைக் கணக்கிடுங்கள். 120 × 50 × 50 சென்டிமீட்டர் தொட்டி என்று வையுங்கள். தண்ணீர் 46 சென்டிமீட்டர்வரை நிற்கும், அது 276 லிட்டர். 25 கிலோ லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள்) 15 கிலோ மணலும் அதில் 20, 25 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 60 × 40 சென்டிமீட்டர் சம்பில் 22 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால் 53 லிட்டர். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ 300 லிட்டர்.

அடுத்தது சுமை. இரண்டு கோமாளி மீன், ஒரு கோபி, மென்பவளங்கள் மட்டும் இருந்தால் சுமை குறைவு. இரண்டு டாங் மீன், ஓரிரு ராஸ் மீன், நாளுக்கு மூன்று கட்டி உறைதீனி என்றால் அதே 300 லிட்டருக்கே சுமை அதிகம். லிட்டரைவிட, நாள்தோறும் எவ்வளவு தீனி உள்ளே போகிறது என்பதுதான் சரியான அளவுகோல்.

நடுத்தரத்துக்கு மேற்பட்ட சுமையுள்ள 300 லிட்டருக்கு நாங்கள் பார்ப்பது இவை: உடல்பகுதி 15 சென்டிமீட்டர் விட்டம், கழுத்து 8 முதல் 10 சென்டிமீட்டர், காற்று மணிக்கு 400 முதல் 600 லிட்டர், உள்ளே ஓடும் தண்ணீர் மணிக்கு 300 முதல் 600 லிட்டர். விளம்பரத்தில் தண்ணீர் ஓட்டத்தைப் பெரிதாகப் போட்டுக் காற்றின் அளவைச் சொல்லாத ஸ்கிம்மரைத் தள்ளிவையுங்கள். வேலை செய்வது காற்றுதான்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். ஓர் அளவு பெரிது பரவாயில்லை, இரண்டு அளவு பெரிது தொல்லை. அகலமான கழுத்தில் நுரை நிற்க, அதற்கேற்ற கழிவு தண்ணீரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரை விளிம்பை எட்டுமுன் உடைந்து விழும். இரண்டு நாள் சும்மா இருந்து, மூன்றாம் நாள் திடீரென்று பொங்கும். நிலையாக ஓடும் சிறிய ஸ்கிம்மர் அப்படிப்பட்ட பெரியதைவிட அதிகம் எடுக்கும்.

100 லிட்டருக்கும் குறைந்த தொட்டியா? ஸ்கிம்மரை விட்டுவிட்டு அந்தப் பணத்தை நல்ல உப்புக்கும் ஆர்.ஓ. கருவிக்கும் செலவிடுங்கள். வாரம் 10 முதல் 15 விழுக்காடு தண்ணீர் மாற்றினால் போதும்.

எந்த வகை

சம்ப் இருந்தால் சம்புக்குள் நிற்கும் நீடில் வீல் வகை. அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் தகடுக்குப் பதில் ஊசி ஊசியாக இருக்கும், அது காற்றையும் தண்ணீரையும் ஒன்றாக அடித்துப் பொடிக் குமிழியாக்கும். சம்ப் இல்லாதவர்களுக்குத் தொட்டியின் பின்புறம் தொங்கும் வகை உண்டு. பொங்கினால் சுவரும் தரையும் நனையும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். மரக்கட்டைக் காற்றுக்கல் வைத்த பழைய வகை மலிவு, ஆனால் மாதம் ஒருமுறை கல்லை மாற்றாவிட்டால் குமிழி பருத்துவிடும்.

வெளியேறும் குழாயில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று பாருங்கள். சுழற்றித் திறக்கும் கேட் வால்வ் இருந்தால் மயிரிழை அளவுக்கு மாற்றலாம். திருகினால் திறப்பு கூடிக் குறையும் ஆப்புக் குழாயும் போதும். இரண்டும் இல்லாமல் காற்றுத் திருகு மட்டும் இருக்கும் ஸ்கிம்மர் வேண்டாம்.

மின்சாரம்: நம் தென்னாப்பிரிக்காவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஏ.சி. பம்ப் 110–120 வோல்ட்டுக்கானது, நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். வோல்ட்டேஜை மாற்றிக் கொடுத்தாலும் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழல வேண்டியது இங்கே 3,000தான் சுழலும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும், காற்றும் குறையும். டி.சி. பம்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் சரி. வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். 15 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 0.36 யூனிட்.

வாங்குமுன் அலமாரியின் உள்ளுயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்கிம்மர் உயரத்துக்கு மேல் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடம் வேண்டும், இல்லையென்றால் குவளையைத் தூக்கி எடுக்க முடியாது. குவளையை எடுக்கச் சிரமமாக இருந்தால் கழுவுவது தள்ளிப்போகும், கழுவாத ஸ்கிம்மர் நின்றுபோகும். அந்த மாடலுக்கு இம்பெல்லரும் ஓ-ரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். இறக்குமதிப் பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் அதுவரை தொட்டி ஸ்கிம்மர் இல்லாமல் கிடக்கும். பழையது வாங்குவதானால் அக்ரிலிக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் சிலந்திவலை போல மெல்லிய விரிசல் ஓடியிருக்கும், அதை வாங்காதீர்கள். இம்பெல்லர் காந்தம் உப்பியோ துருப்பிடித்தோ இருந்தாலும் வேண்டாம்.

நிறுத்தும் இடம்: மட்டம் ஆடாத அறை

ஸ்கிம்மருக்குள் நிற்கும் தண்ணீரின் உயரம், சம்ப் தண்ணீரின் உயரத்தோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சம்பில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் கழுத்திலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறையும். கழுத்தின் உயரமே எட்டு, பத்து சென்டிமீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

60 × 40 சென்டிமீட்டர் சம்புக்குத் தடுப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதில் 2.4 லிட்டர் ஆவியானால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். நாளுக்கு 4 லிட்டர் போகும் தொட்டியில் ஒரு நாளில் 1.7 சென்டிமீட்டர் இறங்கிவிடும். காலையில் பொங்கிய ஸ்கிம்மர் இரவில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஜொகானஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்துக் குளிர்காலத்தின் வறண்ட காற்றிலும், டர்பனில் மலைப்பக்கமிருந்து சூடான பெர்க் காற்று வீசும் நாள்களிலும் இது இன்னும் மோசம்.

இதற்கு இரண்டு வழி. ஸ்கிம்மர் நிற்கும் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்து, தண்ணீர் தடுப்பின் மேல் வழிந்து அடுத்த அறைக்குப் போகும்படி செய்தால், ஆவியாகும் தண்ணீர் முழுவதும் கடைசி அறையில்தான் குறையும். ஸ்கிம்மர் அறை மட்டம் அசையாது. தடுப்பு வைக்க முடியாதவர்கள் மிதவை உள்ள ஆட்டோ டாப்-அப் கருவி (குறைந்த மட்டத்தை நன்னீரால் தானாக நிரப்புவது) போட வேண்டும். இரண்டும் இருந்தால் நல்லது.

ஆழம் எவ்வளவு என்று கருவிக்கான கையேட்டில் இருக்கும், பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 23 சென்டிமீட்டர். உங்கள் அறையில் 26 சென்டிமீட்டர் நின்றால் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு அக்ரிலிக் மேடை வைத்து ஸ்கிம்மரை உயர்த்துங்கள். வால்வை முழுவதும் திறந்தும் பொங்கிக்கொண்டே இருக்கும் ஸ்கிம்மர்களில் பெரும்பாலானவை மிக ஆழத்தில் நிற்பவைதான். மேடை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்து நின்றால் நுரை ஒரு பக்கமாகவே வழியும்.

மின்கம்பி பிளக்குக்கு ஏறுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து போகட்டும். தண்ணீர் கம்பி வழியாக ஓடினாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே சம்புக்குள் கையை விடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள். பாகங்களை ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். தொழிற்சாலை எண்ணெய்ப் படலம் போகும். சோப்புப் பக்கம் போகவே வேண்டாம். ஸ்கிம்மரை நிறுத்தி, வெளியேறும் வால்வை முழுவதும் திறந்து, காற்றையும் முழுவதும் திறந்து ஓட்டுங்கள். உள்ளே தண்ணீர் தாழ்ந்து நிற்கும், கொந்தளிக்கும், பொடிக் குமிழிகள் சம்ப் முழுவதும் பரவும். இதெல்லாம் இயல்பு. எதையும் தொடாதீர்கள்.

மூன்றாம் நாள்வரை அப்படியே விடுங்கள். அக்ரிலிக் உட்சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் படிந்தால்தான் நுரை நிலைக்கும். மூன்று நாளிலும் படியலாம், இரண்டு வாரமும் ஆகலாம். புதுத் தொட்டியில் கழிவே இருக்காது, இன்னும் தாமதமாகும். குவளை காலியாக இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

நான்காம் நாளிலிருந்து மட்டம் பிடிக்கலாம். வால்வை மூடினால் உள்மட்டம் ஏறும், திறந்தால் இறங்கும். வால்வைச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் மூடுங்கள். ஆப்புக் குழாயானால் மூன்று மில்லிமீட்டர். பிறகு அன்று முழுவதும் கை வைக்காதீர்கள். மறுநாள் பார்த்து இன்னும் எட்டில் ஒரு பங்கு. கொந்தளிக்கும் தண்ணீரும் நுரையும் பிரியும் கோடு, கழுத்தின் அடிவிளிம்புக்கு வந்து நிற்க வேண்டும். அங்கே வந்ததும் நிறுத்திவிட்டு, வால்வ் கைப்பிடியின் நிலையை அழியாத மார்க்கரால் குறித்து வையுங்கள். சம்ப் கண்ணாடியிலும் அன்றைய தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். நாளை ஏதாவது மாறினால் முதலில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வால்வைப் பார்க்க வேண்டும்.

காற்றுத் திருகை அப்படியே முழுவதும் திறந்து வையுங்கள். நுரையைக் குறைக்கக் காற்றைக் குறைப்பது தவறான வழி. தண்ணீர் மட்டத்தைக் கொண்டுதான் சரிசெய்ய வேண்டும். டி.சி. பம்பில் வேகத்தையும் வால்வையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போகும்.

நுரையைப் படிப்பது

சரியாக ஓடும் ஸ்கிம்மரின் அருகே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள். உடல்பகுதி பால் ஊற்றியது போல ஒரே வெண்மையாக இருக்கும், தனிக் குமிழி கண்ணுக்குத் தெரியாது. கழுத்தின் அடியில் அந்த வெண்மை மெதுவாகப் பிரிந்து சிறு மணிகளாகும். பாதிக் கழுத்தில் மணிகள் பாசிமணி அளவுக்குப் பெருத்து, சுவர்களிடையே பழுப்பு வரிகள் தெரியும். மேல்விளிம்பில் நுரை உலர்ந்து, சற்று நின்று, பின்னால் வரும் நுரை தள்ள ஒரு பக்கமாக மடிந்து குவளைக்குள் விழும். அந்த மடிப்பு அவசரமில்லாமல் நடக்க வேண்டும். வெள்ளைக் குமிழி நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தால் மட்டம் அதிகம். கழுத்தின் நடுவிலேயே எழும்பி எழும்பி விழுந்தால் மட்டம் குறைவு.

குவளையில் சேர்வதன் நிறம் பால் விடாத ரூய்போஸ் தேநீருக்கும் கெட்டி டிகாக்ஷனுக்கும் இடையில் இருக்கட்டும். ரூய்போஸ் நிறம் என்றால் ஈர நுரை, நிறைய அளவு வரும். டிகாக்ஷன் என்றால் உலர் நுரை, கொஞ்சம்தான் வரும், நாற்றம் அதிகம். தீனி அதிகமுள்ள தொட்டிக்கு ஈரப்பக்கம் நல்லது என்பது எங்கள் கருத்து. உலர் நுரையில் கழுத்து சீக்கிரம் அழுக்கடைந்து வேலை குறைகிறது. ஆனால் ஈர நுரையோடு உப்பும் வெளியே போகும். நாளுக்கு அரை லிட்டர் எடுத்தால் வாரத்தில் 3.5 லிட்டர், அதில் ஏறக்குறைய 120 கிராம் உப்பு. டாப்-அப் அந்த இடத்தை நன்னீரால் நிரப்பும். 300 லிட்டர் தொட்டியில் உப்பளவு ஒரு வாரத்தில் லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 34.6க்கு இறங்கும். வாரம் ஒருமுறை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, தண்ணீர் மாற்றும்போது அதை ஈடுகட்டுங்கள்.

ஸ்கிம்மர் இழுக்கும் காற்று

மணிக்கு 500 லிட்டர் என்றால் நாளுக்கு 12,000 லிட்டர் வீட்டுக் காற்று தண்ணீருக்குள் போகிறது. அந்தக் காற்றில் இருப்பதெல்லாம் தண்ணீருக்கு வரும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் அறையில் தொட்டி இருந்தால், அந்த அரை மணி நேரம் ஸ்கிம்மரை நிறுத்தி, புகை கலைந்ததும் போடுங்கள். தீபாவளிக்கு முறுக்கும் வடையும் பொரிக்கும் நாளில் எண்ணெய்ப் புகை சமையலறையைத் தாண்டி வரும். அந்த எண்ணெய் நுரையை உடைக்கும். மாலையில் ஸ்கிம்மர் சப்பென்று இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும், அதைவிட மோசமாக இறாலுக்கும் நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் அவற்றை அடிக்கவே கூடாது.

குளிர்காலத்தில் கதவு சன்னலை அடைத்து, வாயு ஹீட்டரும் போட்டால் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஸ்கிம்மர் அதை இழுக்க, தண்ணீரின் பி.எச். 7.8க்குக் கீழே போகலாம். காற்றுக் குழாயைச் சன்னல் வழியாக வெளியே நீட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் போனால் 10 அல்லது 12 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் போடுங்கள், ஒல்லிக் குழாய் காற்றை மறிக்கும். வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, பூச்சி புகாமல் வலை கட்டுங்கள்.

மின்வெட்டு

லோட்ஷெடிங் பழகிய நாட்டில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மின்சாரம் போனால் மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் சம்புக்கு இறங்கி மட்டம் சில சென்டிமீட்டர் ஏறும். மின்சாரம் வந்ததும், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பும் ஸ்கிம்மரும் ஒன்றாகத் தொடங்கினால், ஏறிய மட்டத்திலேயே ஸ்கிம்மர் ஓட ஆரம்பித்துக் குவளையை நிரப்பித் தள்ளும். வீட்டில் ஆள் இல்லாதபோது தரை நனைவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்கிம்மரை மட்டும் 10 அல்லது 15 நிமிடம் தாமதித்துத் தொடங்கவைக்கும் டைமரில் போடுங்கள். சில டி.சி. கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இந்த வசதி உள்ளேயே உண்டு. கூடவே, குவளைக்குள் மிதவை சுவிட்ச் ஒன்று வைத்து, நிரம்பினால் ஸ்கிம்மர் பம்ப் நிற்கும்படி செய்யுங்கள்.

குவளையின் வடிகாலில் குழாய் மாட்டிப் பெரிய கேனுக்கு விடுபவர்கள் ஓர் ஆபத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்கிம்மர் பொங்கி 20 லிட்டர் கடல்நீர் கேனுக்குப் போனால், ஆட்டோ டாப்-அப் உடனே 20 லிட்டர் நன்னீரை உள்ளே விடும். 300 லிட்டரில் உப்பளவு ஒரே இரவில் 35இலிருந்து 32.7க்கு விழும். பவளங்கள் சுருங்கிக்கொள்ளும், நத்தைகள் சாகலாம். கேன் வைத்தால் இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம், அதிலும் மிதவை சுவிட்ச் கட்டாயம்.

இன்வெர்ட்டரில் முதலில் ஓட வேண்டியது தொட்டித் தண்ணீரை அசைக்கும் அலை பம்ப்தான், ஸ்கிம்மர் அதற்குப் பிறகு. மலிவான, சதுர அலை போன்ற மின்சாரம் தரும் இன்வெர்ட்டரில் ஏ.சி. ஸ்கிம்மர் பம்ப் உறுமும், சூடாகும். தூய சைன் அலை இன்வெர்ட்டர் அல்லது டி.சி. பம்ப் வேண்டும். மின்சாரம் வந்தபின் இம்பெல்லர் சுழல்கிறதா என்று ஒருமுறை காதுகொடுங்கள். சுண்ணாம்பு படிந்த இம்பெல்லர் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்வது உண்டு.

கோளாறும் காரணமும்

திடீரென்று நுரை நின்றால்: சம்ப் கோட்டைப் பாருங்கள். சரியாக இருந்தால் காற்றுக் குழாயின் வாயை விரலால் மூடிப் பாருங்கள். விரலை இழுக்கும் உணர்வு இல்லையென்றால் வென்சுரியில், அதாவது காற்று உள்ளே இழுக்கப்படும் குறுகிய வாயில், உப்பு அடைத்திருக்கிறது. காற்றுக் குழாய் வழியாக அரைக் குவளை வெந்நீரை, ஆர்.ஓ. தண்ணீராக இருந்தால் நல்லது, பம்ப் ஓடும்போதே இழுக்கவிடுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் அடைப்பே வராது. அதுவும் சரியென்றால் எண்ணெயை நினையுங்கள். கையில் தடவிய கிரீம், தேங்காய் எண்ணெய் பட்ட கையோடு சம்பைத் தொடுவது, கொழுப்பான தீனி எல்லாம் நுரையைச் சில மணி நேரம் படுக்கவைக்கும். ஜூன், ஜூலையில் நேட்டால் கரைக்கு மத்தி மீன் கூட்டம் வரும்போது, மலிவாகக் கிடைக்கிறதென்று நறுக்கித் தொட்டியில் போடுவார்கள். மத்தியின் எண்ணெய் ஸ்கிம்மரை அன்று முழுவதும் முடக்கிவிடும். இறால் துண்டோ கணவாயோ போடுங்கள்.

திடீரென்று பொங்கினால்: குளோரின் நீக்கும் மருந்து, சிவப்புப் பாசி மருந்து, பவளம் ஒட்டும் எப்பாக்சி, சரியாகக் கரையாத புது உப்பு ஆகியவற்றில் ஏதாவது கடைசி இரண்டு நாளில் உள்ளே போயிருக்கிறதா என்று யோசியுங்கள். வால்வை முழுவதும் திறந்து ஓரிரு நாள் விட்டால் பெரும்பாலும் தானாக அடங்கும். மருந்து போடும்போது ஸ்கிம்மரை அணைக்காமல், குவளையை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினால் காற்றாவது கிடைக்கும். மருந்து எதுவும் போடவில்லை, ஆனாலும் பொங்குகிறது, நாற்றமும் இருக்கிறது என்றால் பாறைக்குப் பின்னால் ஏதோ செத்துக் கிடக்கிறது. மீன்களை எண்ணுங்கள்.

டர்பனில் சிலர் கடல்நீரையே கொண்டுவந்து பயன்படுத்துகிறார்கள். மழைக்குப் பின் ஆற்று முகத்துவாரங்களின் அருகே எடுக்கவே கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கழிவுநீர் கலந்து கடற்கரைகள் மூடப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். தெளிந்த நாளில் எடுத்த தண்ணீரையும் வடிகட்டி, இருட்டில் காற்றோட்டத்துடன் சில நாள் வைத்த பிறகே ஊற்றுங்கள். அப்படியே ஊற்றினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து ஸ்கிம்மர் பொங்கும்.

தொட்டியில் பொடிக் குமிழி பறந்தால்: முதல் இரண்டு வாரம் பொறுங்கள். பிறகும் தொடர்ந்தால் வெளியேறும் வாயில் கரடுமுரடான ஸ்பாஞ்ச் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை அலசுங்கள்.

கடகடவென்று சத்தம் வந்தால் இம்பெல்லரைக் கழற்றுங்கள். ஊசி உடைந்திருக்கும், அல்லது தண்டைப் பிடிக்கும் உருளை தேய்ந்திருக்கும்.

கழுவும் முறை

கழுத்தின் உட்புறத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். அங்கே படியும் பழுப்புக் கொழுப்புதான் அடுத்து வரும் நுரையை உடைக்கிறது. கழுத்தையும் குவளையையும் வெந்நீரில் அலசினால் போதும், உடல்பகுதியின் உட்சுவரைத் தேய்க்காதீர்கள். பம்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பல் துலக்கும் பழைய பிரஷால் காந்தக் குழியைத் தேய்த்து, நன்றாக அலசி மாட்டுங்கள்.

காவடிக்கோ தீமிதிக்கோ நான்கைந்து நாள் வெளியூர் போகிறீர்கள் என்றால், கிளம்பும் அன்று எதையும் மாற்றாதீர்கள். இரண்டு நாள் முன்பே கழுத்தைக் கழுவி, வால்வைச் சற்றுத் திறந்து மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கி உலர் நுரைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த நாள் குவளையில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து, அதை ஐந்தால் பெருக்குங்கள். குவளையின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வந்தால் இன்னும் சிறிது திறக்க வேண்டும். தீனி போட வரும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வால்வைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். சம்ப் கண்ணாடியில் போட்ட கோட்டையும் ஸ்கிம்மரின் சுவிட்சையும் மட்டும் காட்டுங்கள்: தண்ணீர் கோட்டுக்கு மேலே போனால், அல்லது குவளை நிரம்பினால், அந்த ஒரு சுவிட்சை அணைத்துவிட்டு உங்களுக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.